வயிற்றுக்குத்து

காலை ஏழு மணிக்குப் பல் விளக்கிக்கொண்டு நின்ற குகதாசனுக்கு இடது விதையில் திடீரென்று வலி எடுத்தது. அடிபடவில்லை, ஒன்றுமில்லை. குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தினான். ஓங்காளித்துச் சத்தியும் எடுத்தான்.

கதவுக்கு வெளியே நின்று என்ன செய்கிறது என்று கேட்டாள் அக்கா பாலேஸ்வரி.

"வயித்துக்குத்து" என்றான். இருபத்துமூன்று வயதுக்காரன் அக்காவிடம் வேறு எதைச் சொல்வான்? எங்கள் வீடுகளில் இடுப்புக்கும் தொடைக்கும் நடுவில் யாருக்கும் உடம்பே கிடையாது.

அக்கா ஓமத்தண்ணீர் அவித்துக் கொடுத்தாள். அத்தான் சவுந்தரநாயகம், வெள்ளவத்தைப் பொலிசில் பதிந்த குடும்பப் படிவத்தை எடுத்து விரித்தார். குகதாசன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பத்து நாள். பெயர் இன்னும் அதில் ஏறவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு, போர்க்காலம்; சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி, படிவத்தில் பெயரில்லாத தமிழனைப் பிடித்து அடைத்துவிடுவார்கள். வெறும் வயிற்றுக்குத்துக்காக இவனை வெளியே கொண்டுபோய்ப் பிடித்துக் கொடுப்பதா என்று கேட்டார். அவர் யோசித்ததில் பிழையில்லை. இவன் சொன்னதுதான் பொய்.

மத்தியானத்துக்குள் வீங்கிவிட்டது. அத்தானிடமாவது சொல்லலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தான். இரண்டு தரமும் அக்கா சோடாவோடு வந்து நின்றாள்.

மூன்று மணிக்கு, பொறுக்கமாட்டாமல், சொல்லாமல் கொள்ளாமல் படியிறங்கிவிட்டான். காலி வீதிச் சாவடியில் ஆமிக்காரன் மறித்தான். குகதாசனுக்குச் சிங்களம் தெரியாது. கையால் இடத்தைக் காட்டினான். அவ்வளவு நேரமும் கட்டிக் காத்த வெட்கம் எங்கே போனதோ தெரியவில்லை. ஆமிக்காரனின் முகம் சுருங்கியது. "அய்யோ மல்லி" என்று தம்பி முறை சொல்லி அழைத்தவன், அடையாள அட்டையைக்கூடக் கேட்காமல் ஒரு ஓட்டோவை மறித்து ஏற்றிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் தமிழ் டொக்டர். அடிபட்டதா, காய்ச்சலா, சலம் போகும்போது எரிவா என்று கேட்டார். ஒன்றுமில்லை. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று கேட்டார். சொன்னான். அவர் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"விதை முறுக்குப்பட்டிருக்கு. அதுக்கு ரத்தம் போகேல்லை. ஆறு மணித்தியாலத்துக்குள்ளை வந்திருந்தா அநேகமாக் காப்பாத்தியிருக்கலாம். இப்பிடித் திடீரெண்டு நோ வந்தா ஏனப்பா வீட்டிலை கிடந்தனீர்?"

இடதை எடுத்துவிட்டார்கள். மற்றது முறுகாமலிருக்கத் தையல் போட்டார்கள். அது போதும், பிள்ளை பெறலாம் என்றார் டொக்டர்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தபோது அக்கா கட்டிலருகே இருந்து அழுதாள். "என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமேடா. நான் உன்ரை அக்கா எல்லே."

சொல்லியிருக்கலாம்தான் என்று அவனுக்கும் பட்டது. தன் மீதே அருவருப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் பக்கத்து பிளாட் இமெல்டா அன்ரி தோடம்பழங்களோடு வந்து, தம்பிக்கு என்ன ஒப்பரேசன் என்று விசாரித்தாள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வயித்துக்குத்து எண்டு துடிச்சவன் அன்ரி. அப்பெண்டிக்ஸாம். வெட்டி எடுத்தாச்சு."

இமெல்டா அன்ரி அவனைப் பார்த்தாள். அக்காவும் பார்த்தாள்.

"ஓம் அன்ரி" என்றான் குகதாசன்.