கோயிலுக்குப் போன ரோல்பார்

டிராக்டர் சாவியை, தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நல்லசாமி நீட்டியபோது அன்பரசி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலை ஆறேகால் மணி. ஆள் கணக்கு எடுத்து வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டு நேரம். மண்டோர் நீட்டியதை வாங்காமல் நின்ற ஆள் அந்தச் செம்பனைத் தோட்டத்தில் அதுவரை பிறக்கவில்லை. பிறந்து பத்தொன்பது வருஷம் ஆகிவிட்டது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"ரோல்பார் இல்லாம நான் ஏற மாட்டேன், மாமா."

ரோல்பார் என்பது பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. ஓட்டுபவர் இருக்கைக்குப் பின்னால் கவிழ்த்து வைத்த 'ப' மாதிரி நிற்கிற தடித்த இரும்பு. டிராக்டர் கவிழ்ந்தால் அதன் எடையை அந்த இரும்பு தாங்கிக்கொள்ளும். இடுப்புப் பட்டை ஆளை அதற்குள்ளேயே பிடித்து வைக்கும். கெர்லிங் ஊர்ப் பக்கம் மூன்று மாதம் பயிற்சி எடுத்தபோது அன்பரசி கற்றுக்கொண்ட முதல் பாடம் இதுதான். சான்றிதழோடு வந்து பார்த்தால், அவளுக்கென்று ஒதுக்கிய டிராக்டரின் பின்னச்சில் ஒரு பக்கத்துக்கு நாலாக எட்டுத் துளைகள் பல்லில்லாத வாய் மாதிரி இளித்துக்கொண்டிருந்தன.

"நாலு வருஷமா அது இல்லாமத்தான் லா ஓடுது," என்றார் நல்லசாமி. "மட்டையில மாட்டிக்கிட்டு ஒரே தொந்தரவு. அதான் கழட்டிப் போட்டோம்."

"மட்டை இடிச்சா மட்டைய வெட்டுங்க. உசுரக் காப்பாத்துற கம்பிய எதுக்குக் கழட்டுறீங்க?"

வரிசையில் நின்ற வங்காளதேசத்து ஆட்களில் தமிழ் தெரிந்த ஒருவன் சிரித்தேவிட்டான். நல்லசாமியின் முகம் கறுத்தது. முப்பது வருஷ மண்டோர், போதாக்குறைக்குக் கோயில் தலைவர் வேறு. நேற்று முளைத்த பெண் நாலு பேர் முன்னால் நாக்கை நீட்டினால் பொறுத்துக்கொள்வாரா?

"பவனேஷ் அண்ணன் போன வருஷம் கவுந்தாரே, அதுக்கு என்னா சொல்றீங்க?"

"அவன் கண்ணு மண்ணு தெரியாம ஓட்டினான். கவுந்தான்."

பச்சைப் பொய். மழையில் ஊறியிருந்த கால்வாய்க் கரை இடிந்தது, டிராக்டர் சரிந்தது, பவனேஷ் அடியில் மாட்டினான். எட்டு மாதம் படுக்கை. இருபத்துமூன்று வயதில் இன்றைக்கு ஊன்றுகோலோடு நடக்கிறான். தோட்டம் முழுக்கத் தெரிந்த விஷயம் இது. ஆனால் மண்டோர் சொன்னால் தெரிந்ததும் தெரியாததாகிவிடும்.

"ஒனக்கு பயமா இருந்தா போ. ஒன் தம்பி ஓட்டுவான்." நல்லசாமி சாவியை விரலில் சுழற்றினார். "டேய் புனிதா, இன்னிக்கு இன்னொரு வண்டிய வச்சி சமாளிச்சிக்கிறேன். நாளைக்குக் காலையில இது ஒன் கையில."

புனிதனுக்குப் பதினேழு வயது. பள்ளி இறுதி எஸ்.பி.எம். பரீட்சை எழுதிவிட்டுக் குலை ஏற்றும் வேலைக்கு வந்து இரண்டே மாதம். லைசன்சும் இல்லை, பயிற்சியும் இல்லை. இருந்ததெல்லாம் பல் மட்டும்தான். அது முப்பத்திரண்டும் அப்போது வெளியே தெரிந்தது.

அன்பரசியால் ஏறாமல் இருந்துவிட முடியும். அவன் ஏறிவிடுவான். அதுவும் அதே கால்வாய்க் கரையில்.

நேரே ஆபீசுக்குப் போனாள். புது ரோல்பாருக்கு ஆர்டர் போட்டால் வந்து சேர மூன்று மாதம் ஆகும் என்றார் மேனேஜர். அதுவரை மெதுவாக ஓட்டச் சொல்லி அறிவுரையும் கொடுத்தார், இலவசமாக. பழையது எங்கே என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. அவர் வந்தே ஒரு வருஷம்தான். அன்பரசி பட்டறையில் தேடினாள், ஸ்டோரில் தேடினாள், பழைய இரும்புக் குவியலைக் கிளறிக் கையைக் கீறிக்கொண்டாள். எங்கேயும் இல்லை.

சோர்ந்துபோய் லயத்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் முனீஸ்வரன் கோயில். வெள்ளிக்கிழமைப் பூசைக்காக யாரோ வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். அன்பரசி பழக்கத்தில் கும்பிட்டாள். கும்பிட்ட கை அப்படியே நின்றுவிட்டது.

கோயில் மணி எதில் தொங்குகிறது?

கவிழ்த்து வைத்த 'ப'. வெள்ளிப் பெயிண்ட், உச்சியில் மஞ்சள் துணி, இரண்டு காலிலும் சந்தனம். நாலு வருஷமாக அதன் கீழே குனிந்து போய்வருகிறாள். பரீட்சைக்கு முன்னால் அந்த மணியை மூன்று முறை அடித்தவளும் அவள்தான். பக்கத்தில் போய் நகத்தால் சுரண்டினாள். பெயிண்டுக்கு அடியில் மஞ்சள் வில்லை ஒன்று தெரிந்தது. 'கழற்றக் கூடாது' என்று மலாயில் எழுதியிருந்தது. கால் தகடுகளில் நாலு நாலாக எட்டு நட்டுகள். தேடுவதற்காகப் பையில் போட்டிருந்த அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். காலையில் அளந்து வைத்திருந்த டிராக்டரின் துளைகளுக்கு ஒரு மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை. துளை போடாமல் சங்கிலியைச் சுற்றி மணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். அந்த மட்டும் புண்ணியம் கட்டிக்கொண்டார்கள்.

அவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்த கோபத்தில் கண் இருட்டியது.

வீட்டில் புனிதன் கண்ணாடி முன்னால் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

"நாளைக்கு நீ அதுல ஏறக் கூடாது."

"பொறாமை லா ஒனக்கு, கா."

"ஆமாடா, பொறாமைதான். ஒன் இடுப்பெலும்பு ஒடையாம இருக்கேன்னு பொறாமை."

அவன் காதில் ஏறவில்லை. அவள் பட்டறைக்குப் போய் ஸ்பேனரும் துரு இளக்கும் எண்ணெயும் வாங்கிவந்தாள்.

இருட்டில் போய்க் கழற்றியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிச் செய்தால் அது திருட்டு என்று அவள் நினைத்தாள். கோயிலுக்கு எல்லாரும் வரும் நேரமாகப் பார்த்து, மாலை ஐந்தரைக்கு, பட்டப்பகலில், ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டே போனாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "முனீஸ்வரா, இது ஒன்னோடது இல்ல. எடுத்துக்கிறேன்," என்று வாய்விட்டுச் சொன்னாள். குந்தி உட்கார்ந்து முதல் நட்டில் ஸ்பேனரை மாட்டினாள்.

முதல் நட்டு கிறீச்சிட்டதுமே கூட்டம் கூடிவிட்டது. நல்லசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏய்! சாமி சொத்துல கைய வைக்கிறியா? குடும்பமே வெளங்காமப் போயிடும்!"

"இது டிராக்டர் சொத்து. சாமிக்கு யாரு குடுத்தா?"

"நான்தான் குடுத்தேன்! நல்ல இரும்பு, சும்மா கெடந்துச்சி."

"சும்மா கெடக்கல. நீங்க கழட்டினதாலதான் கெடந்துச்சி. ஓட்டுறவங்களக் கேட்டா குடுத்தீங்க?"

"தலைவரு நானு. எந்திரிச்சி வெளிய போ!"

அவள் எழவில்லை. இரண்டாவது நட்டில் எண்ணெய் விட்டாள். அது இளகியதும் திருகிக் கழற்றினாள்.

அப்போதுதான் அமராவதி வந்தாள். பவனேஷின் அம்மா. மகன் உயிர் பிழைத்த நன்றிக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து அந்த மணியை ஒன்பது முறை அடிப்பவள். கையில் பூத்தட்டோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னாடி செய்யிற, அன்பு? என்னா இது?"

அன்பரசி ஸ்பேனரைக் கீழே வைத்தாள். நல்லசாமியிடம் எதையும் பேசிவிடலாம். இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் தாங்குவாளா? ஆனால் சொல்லாமல் விட்டால் நாளைக்குக் கரையில் தன் தம்பி இருப்பான்.

"அத்தே, இது டிராக்டர் கம்பி. கவுந்தா ஆள் மேல வண்டி விழாம தடுக்குற கம்பி. பவனேஷ் அண்ணன் ஓட்டுனாரே, அந்த டிராக்டரோடதுதான். அவரு விழுந்த அன்னிக்கி இது இங்க நின்னுச்சி."

அமராவதி கம்பியை அடியிலிருந்து உச்சிவரை பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணே, இந்தப் புள்ள சொல்றது நெசமா?"

நல்லசாமி வேட்டி நுனியைச் சரிசெய்தார்.

"அவன் மண்ணுக்கும் வண்டிக்கும் நடுவுல கெடந்து கத்துனப்ப," என்றாள் அமராவதி, ஒவ்வொரு சொல்லாக, "நான் கால்வாய்க்கு ஓடுனேன். நீங்கதான் தடுத்தீங்க. பொம்பள பாக்க வேணாம், கோயிலுக்குப் போயி மணிய அடி, சாமி காப்பாத்தும்னு சொன்னீங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் அடிச்சேன். முக்கா மணி நேரம். இதத்தான் அடிச்சேனா நான்?"

நல்லசாமி ஒரு அடி பின்னால் வைத்தார்.

அமராவதி எக்கிச் சங்கிலியைப் பிடித்தாள். சுற்று சுற்றாக அவிழ்த்தாள். எட்டுக் கிலோ மணி அவள் கையைக் கீழே இழுத்தது. அதை அப்படியே கொண்டுபோய் நல்லசாமி முன்னால் நீட்டினாள்.

"ஆறு மணிப் பூசைக்கு மணி வேணும்ல? சங்கிலியப் புடிங்க. ஒசத்திப் புடிங்க. நான் அடிக்கிறேன்."

"அமராவதி, இது என்னா..."

"புடிங்கண்ணே."

அவர் பிடித்தார். வேறு வழியில்லை. தோட்டமே பார்த்துக்கொண்டிருந்தது. அமராவதி மணியின் நாக்கை இழுத்து அடித்தாள். மணி கணீரென்றது.

அன்பரசி குனிந்து மூன்றாவது நட்டைத் திருகினாள். நாலாவது துருப்பிடித்து அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு காலால் உதைத்தாள், கழன்றது. மறுபக்கத்து நாலையும் தளர்த்தியதும் கம்பி அவள் மேலேயே சாய்ந்தது. இரண்டு கைகள் வந்து தாங்கிக்கொண்டன. புனிதன். தொப்பியைக் காணவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

"நான் புடிச்சிக்கிறேன் கா. நீ கழட்டு."

"நாளைக்கு?"

"நீயே ஓட்டு லா."

ஐந்து, ஆறு, ஏழு. எட்டாவது நட்டும் கையோடு வந்தது. அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு காலாகக் கம்பியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பட்டறைப் பக்கம் நடந்தார்கள். யாரும் தடுக்கவில்லை. வங்காளதேசத்து ஆட்கள் இரண்டு பேர் ஓடிவந்து நடுவில் தோள் கொடுத்தார்கள்.

அன்பரசி ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வழக்கமான ஒன்பது எப்போதோ முடிந்துவிட்டது. நல்லசாமியின் கைகள் தோள்வரை நடுங்கிக்கொண்டிருந்தன, சங்கிலி இறங்கி இறங்கி ஏறியது. "முக்கா மணி நேரம் ஆகலண்ணே," என்று சொல்லிவிட்டு அமராவதி மறுபடியும் மணியை அடித்தாள்.