பத்துத் தடிப்புக்கு எண்பத்தாறு சென்டிமீட்டர்

மில்லில் அவளுக்கு வக்கீலம்மா என்று பேர். ஒன்பது வருஷமாக ஒரே நூற்பு மெஷின், நூலை முறுக்கிச் சுற்றும் கதிர் ஐந்நூற்று நான்கு. இழை எங்கே அறுந்தாலும் மூச்சு விடுகிற நேரத்தில் ஒட்டிவிடுவாள். வாயும் அதே வேகம் என்பதால் அந்தப் பேர்.

அன்று காலை நெசவாலையிலிருந்து புகார் வந்தது. துணி முழுக்கக் கோடு, பலகையில் ஓடும் மர ரேகை மாதிரி. நூல் எந்த மெஷினில் ஓடியது என்று தேடினால் அவளுடையது. சூப்பர்வைசர் நேராக அவளிடம் வந்தார்.

"ஒட்டுப் போடும்போது தடியாப் போடுறே. மூணு மணிக்குக் கழிவுப் பஞ்சு ரூமுக்குப் போயிடு. இதை வேற ஆள் பார்க்கட்டும்."

கழிவுப் பஞ்சு அறைக்குப் போனவர்கள் மெஷினுக்குத் திரும்பியதாகச் சரித்திரம் இல்லை. தும்மிக்கொண்டே பஞ்சு பிரித்து, தும்மிக்கொண்டே ரிட்டயர் ஆவார்கள்.

"முறுக்கையும் கூட்டச் சொல்லிட்டேன். அதுல பாதி சரியாயிடும்."

"ஆகாது சார்."

"நீ யாரு, இன்ஜினியரா?"

அவள் பாபினிலிருந்து ஒரு முழம் நூலை உருவி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இந்தப் பஞ்சு இழை ஒவ்வொண்ணும் ஒரு அங்குலம்தான் சார். பசையும் கிடையாது, முடிச்சும் கிடையாது. முறுக்கு இறுக்குறதால ஒண்ணை ஒண்ணு பிடிச்சிக்கிட்டு நிக்குது. அந்த முறுக்கு மெலிஞ்ச இடத்துக்குத்தான் ஓடும். தடிச்ச இடத்துல ஏறவே ஏறாது. எங்க வீட்டுல மாதிரி, இளைச்சவ தலையில எல்லா வேலையும். நீங்க கூட்டினா மெலிஞ்சது கம்பியாகும், தடிச்சது அப்படியே சோம்பலா படுத்திருக்கும்."

நூலை மெதுவாக இழுத்தாள். அது அறுந்து தெறிக்கவில்லை. தடித்த இடத்தில் இழைகள் வழுக்கி, இரண்டு வாலாகப் பிரிந்து வந்தன.

சூப்பர்வைசர் பார்த்தார். "மூணு மணி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மணி பதினொன்று. பக்கத்து மெஷின்காரியிடம் தன் கதிர்களை ஒப்படைத்துவிட்டு, பாபினோடு பரிசோதனை அறைக்குப் போனாள். அங்கே வேலை பார்ப்பது அவளுடைய நாத்தனார், புருஷனின் தங்கை. நாத்தனார் நூலைக் கருப்புப் பலகையில் சுற்றினாள். வெள்ளை வரிகளுக்குள் தடிப்புகள் சாய்சாய்வாக அணிவகுத்து நின்றன.

"ஐயோ, இது ஒட்டு இல்லையே அண்ணி."

"எனக்குத் தெரியும். ஸ்கேலை எடு."

ஒரு தடிப்புக்கும் அடுத்த தடிப்புக்கும் ஐந்து விரல் அகலம். எல்லா இடத்திலும் ஐந்து விரல்தான். ஒரு தடவை அளந்தால் கண் ஏமாற்றும் என்று நூலைப் பிரித்து மேஜையில் நீட்டி, பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்தார்கள். எண்பத்தாறு சென்டிமீட்டர். இன்னும் மூன்று பாபினில் அளந்தார்கள். அதேதான்.

நூலை முன்னால் இழுத்துத் தருவது இரண்டு ரோலர். கீழே இரும்பு, மேலே ரப்பர். உருளை மையம் விலகியிருந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு தரம் வேகம் குறையும், அங்கே நூல் தடிக்கும். இரும்பு ரோலர் பத்துச் சுற்றுச் சுற்றினால் எழுபத்தெட்டரை வரும். ரப்பர் ரோலருக்கு எண்பத்தெட்டு. முறுக்கில் நூல் இரண்டு சென்டிமீட்டர் சுருங்கினால் எண்பத்தாறு. கணக்கு ரப்பரில் போய் நின்றது.

நாத்தனார் ஸ்கேலைக் கீழே வைத்தாள். "அண்ணி, போன வாரம் உங்க மெஷினுக்கு மட்டும்தான் மேல்பரப்பைப் புதுசாச் சமமாத் தேய்ச்ச ரப்பர் ரோலர் போட்டாங்க. தேய்ச்சது எங்க அண்ணன்."

"உங்க அண்ணன்னு எனக்குத் தெரியாதா? காலையில சாப்பாடு கட்டிக் கொடுத்ததே நான்தானே."

"சொல்லப் போறீங்களா?"

"சொல்லாம? நான் போய்த் தும்மிக்கிட்டு உட்காரவா?"

ஒரு மணிக்குச் சூப்பர்வைசரையும், ரோலர் அறையிலிருந்து புருஷனையும் மெஷின் முன்னால் நிறுத்தினாள். எண்களைச் சொன்னாள்.

"ஒரு கதிர்ல நான் ஒட்டுப் போடுறது ஷிஃப்ட்டுக்கு ஒரு தரம் இருக்கும். இது அஞ்சு விரலுக்கு ஒண்ணு. மனுசக் கை இவ்வளவு ஒழுங்காத் தப்புப் பண்ணுமா சார்?"

புருஷனுக்கு முகம் கறுத்துப் போயிற்று. "பன்னெண்டு வருஷமாத் தேய்க்கிறேன். என் ரோலர்ல குறைன்னு ஒருத்தன் சொன்னதில்லை. பஞ்சுல குட்டை இழை ஜாஸ்தியா இருக்கும்."

"பஞ்சுன்னா பக்கத்து மெஷின்லயும் வரணும். சண்டை வேணாம். என் ரோலர் நாலைக் கழட்டி அங்க மாட்டுங்க, அங்க இருக்குறதை இங்க மாட்டுங்க. கோடு யார் கூடப் போகுதுன்னு பார்க்கலாம்."

சூப்பர்வைசர் தலையாட்டினார். மாற்றிப் போட்டு அரை மணி ஓட்டினார்கள். நாத்தனார் மாற்றிய கதிர்களின் நூலைச் சுற்றிய இரண்டு பலகையைக் கொண்டுவந்து, யார் முகத்தையும் பார்க்காமல் பாபின் பெட்டிமேல் வைத்தாள். வக்கீலம்மா மெஷினின் பலகை சுத்தம். பக்கத்து மெஷினின் பலகையில் சாய்சாய்வாக மர ரேகை.

புருஷன் மாற்றிய ரோலரில் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனான். மற்றவர்களும் பின்னால் போனார்கள். வட்டம் பிசகினால் முள்ளால் காட்டும் டயல் கேஜில் வைத்துச் சுற்றினான். முள் சுற்றுக்கு ஒரு தரம் ஏறி இறங்கியது. அடுத்து, தேய்க்கும் மெஷினில் ரோலரைப் பிடிக்கும் முனையை விரலால் தடவிப் பார்த்தான்.

"முனை தேஞ்சிருக்கு," என்றான். "நான் கேஜ் வெச்சுப் பார்க்கலை. அவசரம்னு அனுப்பிட்டேன்."

"அப்போ கழிவு ரூமுக்கு நீ போறியா?" சூப்பர்வைசருக்கு யாரையாவது அனுப்பியே தீர வேண்டும்.

"அவரை அனுப்பிட்டு ரோலரை யார் தேய்ப்பா, நீங்களா?" என்றாள் வக்கீலம்மா. "பார்க்காம அனுப்பினது இவர் தப்பு, ஒத்துக்கிட்டார். முனையை மாத்திக் கொடுங்க. ரெண்டு கதிருக்கு ஒரு ரோலர், இருநூத்தம்பத்திரண்டையும் இவரே திரும்பத் தேய்க்கட்டும். முறுக்கைப் பழைய அளவுக்கு இறக்கச் சொல்லுங்க. மூணு மணிக்கு நான் என் மெஷின்ல இருப்பேன்."

சூப்பர்வைசர் பேனாவை எடுத்துச் சட்டைப் பையில் திரும்பச் செருகினார். "சரி, இரு," என்று சொல்லிவிட்டு முனைக்கு ஆள் அனுப்பப் போனார்.

புருஷன் குரலைத் தாழ்த்தினான். "வீட்டுல வெச்சுச் சொல்லியிருக்கலாம்ல?"

"காலையில எனக்கே தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா சோறு போடும்போதே சண்டை போட்டிருப்பேன்."

நாத்தனாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை.

மூன்றரைக்குப் புது முனையில் தேய்த்த ரோலர்களோடு முதல் தட்டு வந்தது. அவன் அதை மெஷின் பக்கத்தில் இறக்கிவிட்டு நகரப் பார்த்தான். அவள் அவன் அறையிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த கேஜைக் காட்டினாள். அவன் ஒரு ரோலரை வைத்துச் சுற்றினான். முள் அசையவில்லை.

"போதுமா?"

"அடுத்தது," என்றாள்.