ஏறினவள் இறங்க வேண்டாம்

...கையசைத்தாயிற்று, போய்ட்டு வரேன் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லியாயிற்று, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் ஆயிற்று, இனி வண்டி நகரவேண்டியதுதான் பாக்கி, அது மட்டும் நகரவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, கணவன் பிரேக்கை மிதித்தபடி கியர் தண்டின் பொத்தானை அழுத்தி இழுக்கிறான், ஆட்டோமேட்டிக் வண்டி, தண்டு நிறுத்திவைக்கிற 'பார்க்' இடத்திலேயே நிற்கிறது, மறுபடி இழுக்கிறான், சுவரில் அறைந்த ஆணி மாதிரி அசைய மறுக்கிறது. கேட்டருகே அப்பா, அம்மா, அண்ணன் மூவரும், வண்டி புறப்பட்டதும் ஆட்டுவதற்காகத் தூக்கிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்கள். அப்பா தன் கையைத் தலைக்குக் கொண்டுபோய் இல்லாத முடியைக் கோதிக்கொண்டார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கலாமா? திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள், சிரிக்கக் கூடாது. எப்படித் தெரிந்துவிடுகிறது பார், மழை தொடங்கியபோது அவன் வீட்டைவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தவள், இப்போது வெயில் கொளுத்துகிறது, இத்தனை மாதம் இந்த முகத்தைப் படிக்காமல்தான் இருந்தாள், ஆனாலும் ஒரே பார்வையில் எழுத்துக்கூட்டாமல் படித்துவிட்டாள்.

"என்னங்க, என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. காதுக்குக் கீழே தாடை எலும்பு ஒருமுறை ஏறி இறங்கியது. இன்ஜினை அணைத்தான், மறுபடி போட்டான், மிதித்தான், இழுத்தான். கேட்கவில்லையோ... இன்ஜின் சத்தம் இருக்கிறதே, கேட்டிருக்காது, மனுஷன் பதற்றத்தில் இருக்கிறான், தெருவே பார்க்கிறது, மாமனார் பார்க்கிறார், இந்த நேரத்தில் போய்... "ஏதாவது பிரச்சனையா?" என்று இன்னும் கொஞ்சம் உரக்கக் கேட்டாள். கண்ணாடியைப் பார்த்தான், தண்டைப் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை. இதோ, மறுபடி வந்துவிட்டது. அப்படியெல்லாம் இல்லை, சும்மா இரு, போன ஞாயிற்றுக்கிழமைதானே வந்து உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னான், இனிமே அப்படி இருக்க மாட்டேன் மாமா என்று, காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொன்னான். பொய் சொல்கிறவன் டம்ளரை அப்படிப் பிடிப்பானா?

அவன் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். வருகிறவர்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா, அவசரமில்ல, நிதானமா பார்த்துச் சொல்லுங்க என்று கேட்பான், அந்தக் குரலைக் கேட்டுத்தான் அவளும் மயங்கினாள். ஒருநாள் கடைக்குப் போனபோது கண்ணாடி வாங்க வந்த ஒரு அம்மாளைப் பார்த்து, இந்த ஃபிரேம் உங்களுக்கு அவ்வளவு எடுப்பா இல்லையே என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள், அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே வேறு எடுத்தார், அவ்வளவுதான். அன்று ராத்திரி தொடங்கி அவன் பேசவில்லை. திட்டவில்லை, கை ஓங்கவில்லை, கதவைக்கூட அறைந்து சாத்தவில்லை, பேசவில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டான், அவள் புத்தகம் படித்துக்கொண்டிருக்கும்போது விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தான், போனில் யாரிடமோ வாய்விட்டுச் சிரித்தான், சிரித்து முடித்துத் திரும்பும்போது முகம் மூடியிருந்தது. முதலில் மன்னிப்புக் கேட்டாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு குக்கரோடு பேச ஆரம்பித்தாள். ஒருநாள் சாயங்காலம், காலையிலிருந்து தன் குரலையே கேட்கவில்லை என்று தோன்ற, கேஸ் கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கு போன் போட்டாள், ஒரு பெண் வந்து வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவலாம் என்று கேட்டாள், இவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணுக்குப் பாவம் ஒன்றும் புரியவில்லை, லீக் ஆகுதா மேடம், லீக் ஆகுதா என்று கேட்டுக்கொண்டேயிருந்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

இதை அப்பாவிடம் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? சொன்னாள். "பேசாம இருக்கறதெல்லாம் ஒரு குத்தமாம்மா? அவனவன் குடிச்சிட்டு வந்து அடிக்கிறான்" என்றார் அப்பா. அம்மாவோ, "உங்கப்பா பேசிப் பேசியே என் காதைச் செவிடாக்கினாரு, உனக்குப் பேசாதவரு வாய்ச்சிருக்காரு, குடுத்துவச்சவடி நீ" என்று சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

அப்பா கேட்டைவிட்டு வண்டியருகே வந்து அவன் பக்கத்துக் கண்ணாடியில் குனிந்தார். "என்ன மாப்பிள்ளை, ஏதாவது மறந்துட்டீங்களா?"

"அதெல்லாம் இல்ல மாமா. கியர் பார்க்லயே மாட்டிக்கிச்சு. வர்றப்பகூட நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க வெயில்ல நிக்காதீங்க."

எவ்வளவு அழகாகப் பேசுகிறான், வெயில்ல நிக்காதீங்க... ஆக, கேட்டிருக்கிறது, காது கேட்கிறது, வாயும் திறக்கிறது, அப்பாவுக்குத் திறக்கிறது. பக்கத்தில் இருப்பவள், வண்டிக்கு என்ன ஆயிற்று என்பதையே அப்பாவிடம் சொன்னதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவேளை பெரியவர் கேட்டார், மரியாதைக்குச் சொன்னான், அவ்வளவுதானோ? நீயே ஊதிப் பெரிசாக்காதே. பதறினால் சிலருக்குப் பேச்சு வராது. ஆனால் வந்ததே.

பின்னால் ஹாரன் அடித்தது. குப்பை லாரி. தெரு குறுகல், இவர்கள் வண்டி பாதி வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது. டிரைவர் தலையை நீட்டி, "சார், எடுக்கறீங்களா, இல்ல நான் அடுத்த ஞாயித்துக்கிழமை வரட்டா?" என்று கத்தினான். அண்ணன் ஓடிவந்து, "மாப்ள, ஒரு நிமிஷம், எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் இருக்காரு" என்று போனைப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, அவள் பக்கத்து ஜன்னல் வழியாக அவள் மூக்குக்கு முன்னால் கையை நீட்டிப் பிடித்தான். டைல்ஸ் பதிக்கிற அந்தக் கையில் நேற்று வெட்டிய தூள் நகத்துக்குள் இன்னும் வெள்ளையாக இருந்தது. போனுக்குள்ளிருந்து ஒரு குரல், வண்டி மேட்டுல நிக்குதா என்று கேட்டது. ஆமாம், தெருவே சாய்வுதான். ஹேண்ட்பிரேக் போடாம பார்க்ல மட்டும் போட்டு நிறுத்திருப்பீங்க, வண்டியோட வெயிட் எல்லாம் கியர்மேல உக்காந்திருக்கும், பின்னால நின்னு லேசா முன்னயும் பின்னயும் ஆட்டிக்குடுங்க, விட்டுடும் என்றது.

ஆட்ட வந்துவிட்டார்கள். அண்ணன் அவள் மடியில் போனை வைத்துவிட்டுப் போனான். லாரி டிரைவரும் இறங்கி வந்தான். அப்பாவும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார், வேண்டாங்க, இடுப்பு பிடிச்சுக்கும் என்று அம்மா சொல்வது கேட்டது, அப்பா கேட்கவில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள், பின்கண்ணாடியில் அப்பாவின் இரண்டு உள்ளங்கைகளும் அழுந்தி, ரேகைகள் வெளுத்து, ஒட்டிக்கொண்டிருந்தன. லாரி டிரைவர்தான் சொன்னான், "அந்த அக்கா கொஞ்சம் இறங்கிட்டா லேசா இருக்கும் சார்."

"அவ இருக்கட்டும்" என்றார் அப்பா. "ஏறினவ இறங்க வேணாம். தள்ளுங்க."

வண்டி ஆடியது. முன்னால், பின்னால், முன்னால், பின்னால், ஒரு அங்குலம் போய் ஒரு அங்குலம் வந்தது, அவள் தலையும் கூடவே ஆடியது, சரி சரி என்று எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதுபோல. யாரைத் தள்ளுகிறார்கள்? அண்ணன் மூச்சுவாங்க ஏலேலோ என்று விளையாட்டாகக் குரல் கொடுக்கிறான், சின்ன வயதில் இவளை ஊஞ்சலில் வைத்துத் தள்ளியவன், போதும்ணா, தலை சுத்துது என்றாலும் நிறுத்தமாட்டான். இந்த நாலு மாசமும் மேல்மாடி அறையில் அவனுடைய டைல்ஸ் சாம்பிள் பெட்டிகளை ஓரமாக நகர்த்திவைத்துத்தான் இவள் படுத்தாள், அவன் ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, ஆனால் நேற்று ராத்திரியே பெட்டிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. காலையில் கண்விழித்தபோது கால்மாட்டில் அடுக்கியிருந்தது. தூங்குகிறவளை எழுப்பாமல் எவ்வளவு பக்குவமாக அடுக்கியிருக்கிறான்!

அம்மா ஜன்னல் வழியாகத் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "குடி பாப்பா, வெக்கையா இருக்கு." குடித்தாள். உள்ள வந்து ஃபேனுக்கடியில உக்காரு என்று அடுத்து சொல்லப்போகிறாள் என்று ஏனோ நினைத்தாள். அம்மா சொம்பை வாங்கிக்கொண்டு, "அவருக்கும் வேணுமா கேளு" என்றாள். கேட்டாள். "தண்ணி வேணுமாங்க?" இது மூன்றாவது கேள்வி. அவன் தலையைக்கூட அசைக்கவில்லை. அம்மா அதைப் பார்த்தாள். பார்த்தாளா இல்லையா? பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள், அப்புறம் சொம்பின் விளிம்பை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

நாளைக்குத் திங்கட்கிழமை, இங்கே வந்தபிறகு அவள் வேலை பார்த்த ரத்தப் பரிசோதனை லேபில் காலை வெறும் வயிற்றோடு வருகிறவர்கள் கூட்டம் இருக்கும். அடுத்த தெருவிலிருக்கும் அந்த லேபில் நரம்பு கிடைக்காதவர்களை எல்லாம் இவளிடம்தான் அனுப்புவார்கள், விரலை வைத்தால் போதும், தோலுக்கடியில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும், சும்மா பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்திவிடுவாள், உங்க பேத்தி பேரென்ன என்று கேட்டு அவர்கள் சொல்லி முடிக்கும்முன் ரத்தம் குழாயில் ஏறியிருக்கும். நாலு மாதமாக எவ்வளவு பேசியிருக்கிறாள்! தொண்டை வலிக்கப் பேசியிருக்கிறாள். லேப் நடத்துகிற அக்கா நேற்று, "நிஜமாவே போறியா? நீயா போறியா, அனுப்பறாங்களா?" என்று கேட்டபோது, இல்லக்கா, நானாத்தான் என்று சொன்னாள். அப்போது பொய் சொன்னதாகவும் தோன்றவில்லை.

ஆட்டியும் விடவில்லை. மடியில் கிடந்த போன், பிரேக் மிதிச்சா பின்னாடி சிவப்பு லைட் எரியுதான்னு பாருங்க என்றது. அவன் மிதித்தான். அண்ணன் பின்னாலிருந்து, "எரியல மாப்ள" என்றான். அப்ப பெடலுக்கு மேல இருக்கற ஸ்விட்ச் போயிடுச்சு, நீங்க எவ்வளவு மிதிச்சாலும் வண்டிக்குத் தெரியாது, அதான் பூட்டை விடமாட்டேங்குது என்று சொல்லிவிட்டு வழியும் சொன்னது. கியர் பக்கத்தில் நகம் அளவுக்கு ஒரு மூடி இருக்கும், அதை நெம்பி எடுத்துவிட்டு, உள்ளே ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தண்டை இழுங்கள். அண்ணன் வீட்டுக்குள் ஓடிப்போய் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து அவள் மார்புக்குக் குறுக்கே நீட்டினான், கணவன் வாங்கி மூடியை நெம்பினான், மூடி தெறித்து அவள் காலடியில் விழுந்தது, அழுத்தினான், இழுத்தான். தண்டு வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.

"வந்துடுச்சு!" என்று அண்ணன் கைதட்டினான். லாரி டிரைவர்கூட விசிலடித்தான். அப்பா முகத்தில், இவளுக்கு வேலை கிடைத்த அன்று, கல்யாணம் நிச்சயமான அன்று பார்த்த அதே மலர்ச்சி. "ரொம்ப தேங்க்ஸ் மச்சான், நீங்க இல்லன்னா மாட்டியிருப்பேன்" என்றான் கணவன் அண்ணனிடம். போனிடமும் நன்றி சொன்னான். லாரி டிரைவரிடம், "சாரிங்க, உங்க நேரத்தையும் கெடுத்துட்டேன்" என்றான். மெக்கானிக், "பின்னாடி லைட் எரியாது, பார்த்து மெதுவா போங்க, நேரா ஒர்க்‌ஷாப்ல விடுங்க, அதுவரைக்கும் வழியில எங்கயும் பார்க்ல போட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வண்டி நகர்ந்தது. கைகள் மறுபடி உயர்ந்தன, இந்தமுறை நன்றாக ஆடின. தெருமுனை திரும்பியதும், நேராகப் பார்த்தபடி, சாதாரணக் குரலில், "ஜன்னலை ஏத்திக்கோ" என்றான் அவன்.

ஏற்றினாள். இரண்டே வார்த்தை, அதற்கு நெஞ்சு இப்படிக் குளிர்ந்துபோகிறதே, பேசிட்டாரு, பேசிட்டாரு என்று உள்ளே யாரோ ஒருத்தி குதிக்கிறாளே, சீ... இந்த ஒருத்தியைத்தான் மழையில் நனைந்துகொண்டு அந்த வீட்டிலிருந்து கூட்டிவந்தாள், அவள் இத்தனை நாளும் எங்கே ஒளிந்திருந்தாள்? கோபத்தை யார்மேல் திருப்புவது என்று தேடினாள். அப்பா இறங்க வேண்டாம் என்றார். அம்மா உள்ளே கூப்பிடவில்லை. அண்ணன் பெட்டிகளை அடுக்கிவிட்டான். ஆளுக்கொரு பக்கம் நின்று தள்ளிவிட்டார்கள், எவனோ ஒரு லாரிக்காரனுக்குத்தான் இவள் இறங்கலாம் என்று தோன்றியிருக்கிறது... பெரிய சாலை வந்தது, வண்டி வேகம் பிடித்தது, அப்போது நாலு கதவுகளும் ஒரே நேரத்தில் டக்கென்று தாமாகவே பூட்டிக்கொண்டன.

அவள் கதவின் கைப்பிடியைப் பார்த்தாள். அப்படியென்றால் இப்போதுதான் பூட்டுகிறது... அவ்வளவு நேரமும் திறந்தேதான் இருந்ததா?