மழை மதியத்தில் ஒரு சிவப்பு விளக்கு

லிஃப்ட் மெக்கானிக்கின் மகள் குறைமாதத்தில் பிறந்தவள். தூக்கினால் நெஞ்சோடு ஒட்டிக்கொள்வாள். பேச்சுக் குரல் கேட்டால் காலை உதைப்பாள். ஆனால் யார் முகத்தையும் பார்க்கமாட்டாள். "பார்வை மெதுவா வரலாம். வராமலும் போகலாம். பொறுத்துப் பார்ப்போம்" என்று பட்டும்படாமல் சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். அதற்கப்புறம் புருஷனும் பெண்டாட்டியும் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

அன்று மதியமே இருட்டிக்கொண்டு மழை பிடித்தது. மனைவி குளிக்கப் போயிருந்தாள். அவன் தொட்டிலைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டை லேப்டாப்பில் செருகினான். இனி வரும் லிஃப்டுகளுக்கெல்லாம் இதுபோல ஒன்றுதான் மூளையாம், கற்றுக்கொண்டால்தான் பிழைப்பு.

முதல் பாடம், ஒரு எல்ஈடி விளக்கை விட்டுவிட்டு எரியவைப்பது. ஒரு நொடி எரி, ஒரு நொடி அணை. அவ்வளவுதான் புரோகிராம். அதற்கே திரையில் பிழை வந்து முறைத்தது. எங்கேயோ ஒரு அரைப்புள்ளியை விழுங்கியிருந்தான்.

"உங்கப்பன் லட்சணத்தைப் பார்த்தியா?" என்று மகளிடம் கேட்டவன், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டான்.

திருத்தி மறுபடி அனுப்பினான். போர்டின் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது. அணைந்தது. எரிந்தது. மழை இரைச்சலில் அறை தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. அந்த வெளிச்சம் மூச்சு விடுகிற மாதிரி வந்து வந்து போக, அவனும் அதோடு மிதந்துகொண்டிருந்தான். தொட்டிலில் காலாட்டம் நின்றிருப்பது வெகுநேரம் கழித்தே உறைத்தது.

மகள் விளக்குப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

அவன் ஒயர் இழுபட, போர்டை மெல்ல நகர்த்தினான். கண்கள் கொஞ்சம் தாமதித்து, தூக்கத்தில் நடப்பதுபோல் பின்னாலேயே வந்தன. இந்தப் பக்கம் கொண்டுவந்தான். இந்தப் பக்கமும் வந்தன.

"ஏம்மா! இங்க வாயேன்!"

ஈரத் தலையோடு ஓடிவந்தாள் மனைவி. "என்னங்க ஆச்சு?"

"இவ பார்க்கிறாம்மா."

"சும்மா சொல்லாதீங்க." போர்டைப் பிடுங்கித் தானே ஆட்டிப் பார்த்தாள். பிறகு தன் முகத்தை விளக்கோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். குழந்தை விளக்கை மட்டும் பார்த்தது.

"என்னை எப்பங்க பார்ப்பா?"

"அவசரப்படுத்தாதே. இப்பத்தானே ஆரம்பிச்சிருக்கா."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ஒயரைப் பிடுங்க அவனுக்கு மனம் வரவில்லை. குழந்தை தூங்கிப்போன பிறகும் இருவரும் எழுந்திருக்கவில்லை.