மூக்கை இழுத்துப் பார்க்காத ராக்கெட்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தேவைப்பட்டது ஓர் ஏவுகணை. நான் எழுதுகிற வாரத் தொடர்கதையில் அவசரப்பட்டு வில்லன் கையில் ஒன்றைக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன். அது எப்படிக் கிளம்பும் என்று எனக்குத் தெரியாது. மாதிரி ராக்கெட் விடுகிற சங்கம் ஒன்று ஊருக்கு வெளியே மைதானத்தில் கூடுகிறது என்று கேள்விப்பட்டுக் குறிப்பெடுக்கப் போனேன். ஏவுகணைக்கு ஒன்றும் தேறவில்லை. தேறியது இந்தக் கதைதான். இதற்கும் முடிவு இல்லை.

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'புதருக்குப் பின்னால் பதுங்கியிருந்த அந்த உருவம் —' (யாரும் பதுங்கவில்லை. எல்லாரும் தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.)

'அவன் விரல் சிவப்புப் பொத்தானை நெருங்க —' (பொத்தான் பச்சை.)

சரி, வித்தையெல்லாம் வேண்டாம். நேராகவே வருகிறேன்.

3

சங்கத்தில் பாதுகாப்புப் பொறுப்பு ஒரு கண்ணாடிக் கடைக்காரருக்கு. வாரம் முழுக்க லென்ஸ் பொருத்துகிற மனிதர். பட்டப்பெயர் 'கெடுபிடி'. அவர் பார்த்து அனுப்பாமல் எந்த ராக்கெட்டும் மேடை ஏறாது.

ராக்கெட் என்றால் அட்டைக் குழாய் உடம்பு, கூரான மூக்கு, உள்ளே மடித்த பாராசூட். உச்சிக்குப் போனதும் ஒரு சின்ன வெடி மூக்கைத் தள்ளிவிடும். பாராசூட் வெளியே வரும். மூக்கு இறுகியிருந்தால் வராது. அதனால் ஒவ்வொரு மூக்கையும் இழுத்துப் பார்ப்பார்.

"டீச்சர், இது உடும்பு மாதிரி பிடிச்சிருக்கு. டேப்பைப் பிரிச்சிட்டு வாங்க."

"உங்க கையில மாட்டினா என் சொந்த மூக்கே கழண்டுடும்யா," என்று முணுமுணுத்தபடி திரும்பி நடந்தார் பள்ளிக்கூட டீச்சர்.

4

வரிசையில் அடுத்து நின்றவர் கெடுபிடியின் அண்ணன். எலெக்ட்ரீஷியன்.

(இவரை நம்ப எனக்கே கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. இரண்டு வருஷமாகப் பேசாத தம்பியைப் பார்க்க, ராக்கெட் செய்யக் கற்றுக்கொண்டா ஒருத்தர் வருவார்? ஒரு போன் போடலாமே? போன் போடுகிற அண்ணனையும் எழுதிப் பார்த்தேன். அவர்தான் பொய்யாக இருந்தார்.)

சண்டை என்னவென்று டீச்சர் என் காதைக் கடித்தார். அம்மா வீட்டுக்கு ஒயரிங் செய்தது அண்ணன். தம்பி வேறொரு ஆளைக் கூட்டிவந்து அதைச் சரிபார்த்தார். "என் வேலையைப் பார்க்க இன்னொருத்தனா?" என்றார் அண்ணன். பேச்சு அதோடு நின்றது.

இப்போது அண்ணன் ராக்கெட்டை நீட்டினார். "இந்தா, பாரு."

கெடுபிடியின் கை பாதிதூரம் வந்து நின்றது.

"நீ செஞ்சதுல நான் என்னண்ணே பார்க்கிறது? கொண்டுபோய் வை."

"இல்லடா, பாரேன்."

"வேண்டாம்ணே. உன் கை எனக்குத் தெரியாதா?"

சோதிக்காமல் விட்டு, தம்பி கேட்டது மன்னிப்பு. அண்ணன் முகம் சுருங்கியதைப் பார்த்தால், 'நீ செய்ததைத் தொடக்கூட மாட்டேன்' என்று எடுத்துக்கொண்டார் போல. ராக்கெட்டை இழுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

யோவ், இழுத்துப் பாரய்யா! இதை எழுதும்போது ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் கத்துகிறேன். அன்றைக்கு எனக்கும் தெரியவில்லையே.

5

சீறிக்கொண்டு போனது. அழகாகத்தான் போனது. உச்சியில் 'பட்' என்று சின்னச் சத்தம். பாராசூட் வரவில்லை.

எந்த இணைப்புக்கும் ஒரு சுற்று டேப் கூடுதலாகப் போட்டால்தான் எலெக்ட்ரீஷியனுக்கு நிம்மதி. மூக்குக்கும் போட்டிருந்தார்.

"எல்லாரும் மேல பாருங்க! நகருங்க!" கெடுபிடி அலறினார். ராக்கெட் ஆணி மாதிரி இறங்கி மண்ணில் செருகிக்கொண்டது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

(தொடர்கதையாக இருந்தால் அந்த டேப்பைச் சுற்றியது வில்லன். மூன்று வாரம் ஓட்டியிருப்பேன். இங்கே தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், வில்லனே அகப்படவில்லை.)

தம்பி ஓடிப்போய் மண்டியிட்டார்.

"நான் பார்த்திருக்கணும்ணே."

"பார்க்கத்தானடா கொண்டுவந்தேன்."

6

முடிவு ஒன்று: கட்டிப்பிடித்துக்கொள்கிறார்கள். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். அடித்துவிட்டேன். அந்தக் கைகளுக்கு அப்படியெல்லாம் பழக்கமில்லை.

முடிவு இரண்டு: ராக்கெட்டைக் குப்பையில் வீசிவிட்டு அண்ணன் போய்விடுகிறார். இதையும் அடித்தேன். நசுங்கிய குழாயை அவர் ஏதோ ஒரு — (உவமை வேண்டாம்) தன் காரின் பின்சீட்டில் மெதுவாக வைத்ததை நானே பார்த்தேன்.

நான் பார்த்தது அதுவரைதான். அண்ணன் காரில் உட்கார்ந்துவிட்டார். கதவு பாதி திறந்திருக்கிறது, அவர் கை அதன் மேல். தம்பி பக்கத்தில் வந்து நிற்கிறார், வாயைத் திறந்துகொண்டு.

கதவில் ஒரு கையை வைத்து 'தொடரும்' போட்டு, உங்களை ஒரு வாரம் தவிக்கவிடுவதுதான் என் பிழைப்பு. இவர்களை அப்படி நிறுத்த மனசு வரவில்லை. நகர்த்தவும் தெரியவில்லை. தம்பி வாயில் வைக்க ஒரு வாக்கியம் போதும். எத்தனையோ எழுதிப் பார்த்தேன், எல்லாமே நான் பேசுகிற மாதிரி இருக்கிறது.

உங்களுக்கு அண்ணனோ தம்பியோ இருந்தால் நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.