நீதிபதியின் வீட்டுக்காரர்

முன்னாள் ஜனாதிபதி அனுப்பியிருந்த மலர்வளையத்தின் மேல் பல் டாக்டர் உட்கார்ந்துவிட்டார்.

“அப்பா, எழுந்திருங்க! எது மேல உக்காந்திருக்கீங்கன்னு பாருங்க!” மகள் பதறினாள்.

“நாற்காலின்னு நினைச்சேன்மா.”

“நாற்காலி மேலதான் வச்சிருந்தேன். இவ்வளவு பூ கண்ணுக்குத் தெரியல?”

தெரியவில்லைதான். கூடத்தின் நடுவே கிடத்தியிருந்த மனைவியைத் தவிரக் காலையிலிருந்து வேறெதுவும் அவர் கண்ணில் படவில்லை. கறுப்பு அங்கியைப் போர்த்தியிருந்தார்கள். கோர்ட்டில் அவள் நுழைந்தால் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். இன்று அவள் படுத்திருக்கிறாள். வந்தவர்கள் இன்னமும் நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

மகள் நசுங்கிய ரோஜாக்களை நிமிர்த்திப் பார்த்தாள். “அவர் நேர்லயே வராராம்பா. இதைப் பாத்தா என்ன நினைப்பாரு?”

“உங்கம்மா அவர் தலையில ஏறி உக்காந்ததைவிடவா?”

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்தி அதை அழுகையாக்கிக்கொண்டாள்.

தேர்தலைக் காலவரையின்றித் தள்ளிவைத்து ஜனாதிபதி போட்ட உத்தரவு செல்லாது என்று எழுதியவள் அவள். அவளை நீதிபதியாக்கியவரே அந்த ஜனாதிபதிதான். என்ன எழுதப் போகிறாள் என்று வீட்டுக்காரரிடம்கூட மூச்சுவிடவில்லை. நடக்கிற வழக்கைப் பற்றி வீட்டில் பேச்சே கூடாது. அது அவள் போட்ட சட்டம். கிளினிக் வானொலியில் செய்தி வந்தபோது டாக்டர், நோயாளி ஒருவரின் கடைவாய்ப்பல்லைக் குறட்டில் பிடித்திருந்தார். பிடுங்கியது பக்கத்துப் பல். அந்த மனிதர் சண்டைக்கு வரவில்லை. ரத்தம் ஒழுகும் வாயோடு, “உங்க வீட்டம்மாவா டாக்டர்?” என்று கேட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தேர்தல் நடந்தது. ஜனாதிபதி தோற்று வீட்டுக்குப் போனார். ஆனால் பின்னால் வந்த புத்தகங்கள் வேறு கதை சொல்லின. தீர்ப்பை மீறப் படையை அனுப்ப ராணுவத் தளபதி மறுத்ததால்தான் ஜனாதிபதி பணிந்தார், தீர்ப்பு வெறும் காகிதம் என்றன. தளபதியே தன் சுயசரிதையில் அப்படித்தான் எழுதியிருந்தார். அவள் எல்லாவற்றையும் படித்தாள். “இருக்கலாம்” என்றாள். அந்த ‘இருக்கலாம்’தான் டாக்டரை அரித்துக்கொண்டே இருந்தது. ஊரார் வாயையெல்லாம் திறக்கவைத்தவருக்கு, இதற்குப் பதில் சொல்ல வேண்டிய அந்த ஜனாதிபதியின் வாய் மட்டும் எட்டவேயில்லை.

வாசலில் கார் நின்றது. முன்னாள் ஜனாதிபதி கைத்தடியை ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளமாக இருந்தார். நெடுநேரம் அவள் காலடியில் நின்றுவிட்டு டாக்டரின் கையைப் பற்றினார்.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்.”

மகள் அப்பாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். “அப்பா, இப்ப வேணாம்.”

“இப்ப விட்டா எப்பம்மா? கொஞ்ச நேரத்துல எடுத்துடுவாங்க. அவளை வச்சுக்கிட்டே கேக்கறேன்.” டாக்டர் முன்னாள் ஜனாதிபதி பக்கம் திரும்பினார். “தளபதி மாட்டேன்னதாலதானே நீங்க அடங்கினீங்க?”

பாதுகாவலர் ஒரு அடி முன்னால் வந்தார். முன்னாள் ஜனாதிபதி தடியைத் தூக்கி அவரைத் தடுத்தார்.

“அவனா மாட்டேன்னான்? விடியறதுக்குள்ள வந்து சல்யூட் அடிச்சுட்டு நின்னான். வண்டியெல்லாம் தயார். நான்தான் அனுப்பல. புஸ்தகத்துல அவன் எழுதினது அவனோட வீரம்.”

“அப்ப ஏன்?”

முன்னாள் ஜனாதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

“பதிலுக்கு ஒரு அறிக்கை விடலாம்னு தீர்ப்பை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்தேன். திரும்பத் திரும்பப் படிச்சேன். சண்டை போட ஒரு வரிகூடக் கிடைக்கல. அவங்க சொன்னதுதான் சரி, டாக்டர்.”