ஒன்பது தளங்களும் ஓர் இடியும்

பரந்தனில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு ஒன்பது இணையத்தளங்களுக்கு நான் காவல். இருபது வரியில் நானே எழுதிய சின்ன நிரல் ஒன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தளத்தையும் தட்டிப் பார்க்கும். பதில் வந்தால் பேசாமல் இருக்கும். வராவிட்டால் உரிமையாளருக்கு, தளம் வேலை செய்யவில்லை என்று செய்தி அனுப்பும். இணையம் மந்தமென்றால் செய்தியை வைத்திருந்து பிறகு அனுப்பும். அந்தக் கெட்டித்தனத்தில் எனக்குப் பெருமைதான்.

ஒன்பதில் ஒருவர் மட்டும் தலையிடி. முல்லைத்தீவுக் கடலோரம் விடுதி நடத்தும் கதிர்காமநாதன் அண்ணை. போன மாதம் ஒரு செய்தி போய், அது பிழையென்று நானே அழைத்துச் சொன்னதற்கே, "இன்னொருக்கா இப்பிடி நடந்தா கொழும்பு ஆக்களிட்டக் குடுத்திடுவன், பிரேமிளா" என்று சொல்லிவிட்டார். அவர் போனால், அவர் சொல்லி வந்த நான்கு பேரும் போவார்கள். பிறகு நானும் வேலை தேடிக் கொழும்பு பஸ் ஏறவேண்டியதுதான். எனக்கோ அம்மாவை விட்டுப் போகத் துளியும் விருப்பமில்லை.

ஐப்பசியில் ஒரு பின்னேரம் மிளகாய்த்தூள் திரிக்க மில்லுக்குப் போனேன். திரும்பும் நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. இடியென்றால் அப்படியோர் இடி. முக்கால் மணிநேரம் அங்கேயே நின்றேன். மழை விட்டதும் தொலைபேசி அலறத் தொடங்கியது. முதலில் பழைய மாணவர் சங்கம்.

"பிள்ளை, எங்கட சைற் விழுந்திட்டுதாமே?"

அடுத்தது அரிசி ஆலை. அதே கேள்வி. மூன்றாவதாகக் கதிர்காமநாதன் அண்ணையின் பெயர் மின்னியது. இத்தனை தளம் ஒரேயடியாக விழாது; பிழை எங்கள் வீட்டில்தான் என்று புரிந்தது. எடுக்காமல் வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தேன்.

"அம்மா, ரவுட்டரைக் கழட்டினனீங்களோ?"

"ஓம். ரீவி, பிரிட்ஜ், உன்ர பெட்டி எல்லாத்தையும் கழட்டினனான். இடி இடிக்கேக்க ஆர் விட்டு வைப்பினம்? மழை விட்டதும் திருப்பிப் போட்டுட்டனே."

இந்தப் பக்கத்தில் இடி முழங்கினால் எந்த வீட்டிலும் வயர் சுவரில் இருக்காது. அது எனக்குத் தெரியும், என் நிரலுக்குத்தான் தெரியாது. மடிக்கணினி பற்றரியில் ஓடிக்கொண்டிருக்க, இணையம் இல்லாததால் ஒன்பது தளமும் போய்விட்டதென்று நம்பியிருக்கிறது அந்த மடையன். அம்மா வயரைப் போட்டதும் சேர்த்து வைத்த செய்தி எல்லாவற்றையும் அனுப்பிவிட்டது.

எட்டுப் பேரிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்தார்கள். கடைசியாகத்தான் கதிர்காமநாதன் அண்ணையை அழைத்தேன்.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. உங்கட சைற்றுக்கு ஒண்டுமில்லை, எங்கட வீட்டிலதான்..."

"பொறும், தங்கச்சி. உம்மட மெசேஜைப் பாத்துப் பயந்துபோய் சைற்றைத் திறந்தன். சித்திரைக்குப் பிறகு இண்டைக்குத்தான் திறக்கிறன். உள்ளுக்க மூண்டு குடும்பம் அறை கேட்டு எழுதிக் கிடக்குது. ஒண்டு நாளைக்கு வருதாம்! இப்பதான் எல்லாருக்கும் பதில் போட்டனான்."

"அப்ப, கொழும்பு ஆக்கள்?"

"அவையள் இப்பிடி நேரம் பாத்துப் பொய் சொல்லுவினமோ? மாதத்துக்கு ஒருக்கா இந்தப் பொய்யை எனக்கு அனுப்பும்."

சந்தோஷத்தில் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். பிறகு இருந்து நிரலில் இரண்டு வரி சேர்த்தேன். முதலில் எங்கள் வீட்டில் இணையம் இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் வாயைத் திறக்காதே.

அம்மா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப இனி இடிச்சாக் கழட்டட்டோ, விடட்டோ?"

"கழட்டுங்கோ, அம்மா. இனி அது உங்களைக் கேட்டிட்டுத்தான் ஊருக்குச் சொல்லும்."